சத்தம் அடங்கினால் எழுந்துவிடும் அக்கா

பாகூர் ஏரிக்கரையில் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்து மணிக்கட்டைக் கீறிவிட்டது. எங்களுக்குள் பழக்கம் தொடங்கியது அப்படித்தான்.

நான் கரையாம்புத்தூரிலிருந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். நடவு நடக்கும் எங்கள் கழனிக்குச் சோற்றுக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரைமேல் போய்க்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. வாய்க்கால் முழுக்கத் தவளைகள் கத்தின. எதிரே கையில் கீரைக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். நெட்டையான, ஒடிசலான உடம்பு. என்னைத் தாண்டிப் போகப்போகிறவள் சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள்.

“நில்லு. போவாத.”

“ஏன்க்கா? இன்னா?”

“சத்தம் நின்னுபோச்சி பாரு.”

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தவளைகள் கத்தவில்லை. ஏரியில் ஒரு கொக்குகூட அசையவில்லை. அவள் வாய்க்காலைப் பார்க்கவில்லை, எதிர்க்கரை நாணல் புதரையே பார்த்தாள். நானும் அங்கேயே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நாணலை விலக்கிக்கொண்டு ஒரு நாய் வந்தது. எருமை மேய்க்கிறவர்கள் வளர்த்த நாய். தண்ணீரை நக்கிக் குடித்துவிட்டுப் போனது. தவளைகள் ஒன்றொன்றாகத் திரும்பக் கத்த ஆரம்பித்தன. அக்கா என் கையை விட்டாள்.

“சரி, போ,” என்றாள். உடைந்த வளையலைப் பார்த்து, “அய்யய்யோ, ரத்தம் வருதே,” என்று தன் முந்தானையால் துடைத்தாள். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “அதுவா? அது கேம்ப்புக்காரி. நம்ம பின்வூடுதான். ஆப்பிரிக்காவுல சிங்கத்தோட குடித்தனம் பண்ணிட்டு வந்தவ. அதுக்கு மூள கொழம்பிப்போச்சி. நீ ஒண்ணும் காதுல போட்டுக்காத.”

எங்கள் பக்கத்தில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, சேர்ந்து சைகோன் போய் வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆப்பிரிக்கா போனவர் அக்காவின் வீட்டுக்காரர் ஒருவர்தான். பட்டாளத்தில் சமையல் வேலை பார்த்தவர். அவர் கைப்பக்குவம் பிடித்துப்போய் முசியே என்று அழைக்கப்பட்ட ஒரு பிரெஞ்சுக்கார அதிகாரி, பட்டாளத்திலிருந்து விலகியபோது கூடவே அழைத்துக்கொண்டார். அந்த முசியே ஆப்பிரிக்கக் காட்டுக்குள் ஓர் ஆற்றங்கரையில் கூடாரங்கள் போட்டு, பாரீஸிலிருந்து வரும் பணக்காரர்களைத் தங்கவைத்து, மிருகங்களைக் காட்டுவதைத் தொழிலாக வைத்திருந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடும் அக்கா வீட்டுக்காரர் அங்கே சமையல்காரர். ஊருக்கு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அங்கேயே கூட்டிப் போய்விட்டார். பல வருஷம் கழித்து இருவரும் திரும்பி வந்தபோது பிள்ளை குட்டி இல்லை. அண்ணனுக்கு ஒரு காது முழுக்கப் போயிருந்தது, மறு காது பாதி. வேட்டைக்கு வந்த ஒருவன் துப்பாக்கியைத் துடைக்கும்போது அவர் தலைக்குப் பக்கத்தில் வெடித்துவிட்டதாம்.

காது கேட்காததால் அண்ணன் எதையும் சத்தமாகத்தான் பேசுவார். சமைக்கும்போது பாடுவார். பிரெஞ்சுப் பாட்டு, தமிழ்ப் பாட்டு எல்லாம் ஒரே ராகம். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். அக்கா மட்டும், “பாடட்டும்டி. எங்க இருக்காருன்னு தெரியுதுல்ல,” என்பாள்.

அக்காவோடு எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று சொல்லத் தெரியவில்லை. மத்தியான வேளையில் மாமியார் கண்ணயர்ந்ததும் அக்கா வீட்டுப் பின்பக்கம் போய்விடுவேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசுவோம். அவளோடு உட்கார்ந்திருப்பது நிம்மதியான காரியம் இல்லை. பேச்சு பாதியில் நின்றுவிடும். கை முறத்தில் அப்படியே நிற்கும். காக்கை கத்துவது நின்றிருக்கும், அல்லது தெருக்கோடியில் நெல் குத்தும் சத்தம் நின்றிருக்கும். திரும்பச் சத்தம் வரும்வரை அவள் மூச்சு விடுகிறாளா என்றே தெரியாது. சத்தத்தைக் கண்டு பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமைதியைக் கண்டு பயந்தவள் அவள் ஒருத்திதான். அவளோடு பழகப் பழக எனக்கும் அந்த நோய் தொற்றியது. தனியாக இருக்கும்போது காக்கை கத்துகிறதா என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

“அங்க எப்படிக்கா இருந்தீங்க?” என்று கேட்டால் முதலில் நல்லதைத்தான் சொல்வாள்.

“வெள்ளக்காரங்களுக்குக் கூடாரம். எங்களுக்கு மண்ணு வூடு, மேல புல்லு. சுத்தி முள்ளு வெட்டிப் போட்டிருக்கும், அதான் வேலி. ஆத்துக்கு அந்தாண்ட கரையில எதையும் சுடக் கூடாது, கவர்மெண்ட்டு காடு. இந்தாண்ட கரையில சுடலாம். மிருகத்துக்கெல்லாம் அது தெரியும்டி. எல்லாம் அந்தக் கரையிலதான் நிக்கும், நம்மளப் பாத்துக்கினு. நீர்யானை இருக்குதே, பொழுதன்னிக்கும் தண்ணிக்குள்ள கெடந்து கனைக்கும். எங்க மாமனாரு கனைக்கிற மாதிரியே. மொதல்ல அதக் கேட்டு முக்காடு இழுத்துப் போட்டுக்கினேன்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

“பொழுது சாஞ்சா வெள்ளக்காரங்க நாற்காலியப் போட்டு ஒக்காந்துடுவாங்க. சிங்கம் கத்துனா அவங்களுக்குச் சந்தோஷம். கைதட்டுவாங்க. அதக் கேக்கத்தானே கப்பலேறி வராங்க. நாலு நாள் கேட்டுட்டுப் போயிடுவாங்க. நாங்க அங்கியே இருந்தோம்.”

“சிங்கம் கத்துனா ஒங்களுக்குப் பயமில்லியா?”

“கத்துனா இன்னா பயம்? எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிபோச்சே. கத்தாம வரும் பாரு, அதான். அது வர்றப்ப பூச்சிகூடக் கத்தாது.”

அதற்குமேல் சொல்லமாட்டாள். எழுந்து போய்க் கோழிகளைக் கூடைக்குள் விரட்ட ஆரம்பித்துவிடுவாள். அங்கே தண்ணீர் சுமந்த ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்வாள். அந்த ஊர்க்காரி. அக்காவுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் சேர்ந்து மாவு இடிப்பார்களாம், ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிவிடுவார்களாம். “அவ முடிய வார்றதுக்கு அரை நாளு ஆவும்,” என்பாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நான் கேட்டபோது, “போயிட்டா,” என்று மட்டும் சொன்னாள்.

மீதியை நான் அக்கா வாயால் கேட்கவில்லை. அது தெரியவர எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் கெட்டுப்போக வேண்டியிருந்தது.

என் நாத்தனாருக்கு மதகடிப்பட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். தாம்பூலம் மாற்றுகிற நாளில் வாசல் பந்தலில் ஜமுக்காளம் விரித்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றோம். நான்தான் அக்காவையும் அழைத்திருந்தேன். மாமியாருக்கு இஷ்டமில்லை, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. வேப்பமரத்தில் காக்கைகளும் மைனாக்களும் பெரும் இரைச்சலாக இருந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மரத்தில் இரைச்சல் ஒரேயடியாக நின்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அடக்கிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பந்தலுக்கு வெளியே ஒரு குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா கத்திவிட்டாள்.

“எல்லாரும் உள்ள வாங்க! கொழந்தையத் தூக்குங்க! உள்ள வாங்க!”

ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். அது வீறிட்டது. ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் பதறி எழுந்ததில் தட்டு கவிழ்ந்தது. தேங்காயும் பழமும் உருண்டு, குங்குமம் மண்ணில் கொட்டியது. மேலே ஒரு பருந்து வட்டமடித்துவிட்டு ஏரிப் பக்கம் போனது. அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சண்டை போடவில்லை. “இன்னொரு நாள் பாத்துக்கலாம்,” என்று சொல்லி மேல்துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த இன்னொரு நாள் வராது என்று எல்லாருக்கும் தெரிந்தது. நாத்தனார் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மாமியார் அக்காவின் முகத்துக்கு நேராக, “இனிமே எம் வாசப்படி மிதிக்காத,” என்றார். அக்கா குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். உள்ளே வராமல் தெருவில் நின்றபடியே பேசினார். அவர் குரலுக்கு நாலு வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

“அத்தே, ஒங்க பொண்ணு காரியம் கெட்டுப்போச்சி. மன்னிச்சிக்குங்க. ஆனா அவ மேல தப்பு இல்ல. தப்பு எம் மேல.”

“நீ இன்னாப்பா பண்ண?” என்றார் மாமியார்.

அவருக்குக் கேட்டிருக்காது. தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். “கேம்ப்புல ஒரு பொம்பள தண்ணி எடுத்துக்கினு இருந்தா. இவளுக்கு ரொம்ப இஷ்டம் அவ மேல. ஒரு நாளு வெள்ளக்காரங்கல்லாம் சாப்புட ஒக்காந்திருக்காங்க, பெரிய பெரிய ஆளுங்க. அந்தப் பொண்ணு கொடத்த எடுத்துக்கினு ஆத்துக்கு எறங்கிட்டா. இவ ஓடியாந்து, சத்தம் நின்னுபோச்சி, அவளக் கூப்புடுங்கன்னா. எனக்குத்தான் காது கெடையாதே. எனக்கு இன்னா தெரியும்? தொரைங்க முன்னாடி கத்தாத, சும்மா இருன்னு அதட்டிட்டேன். இவளும் சும்மா இருந்துட்டா.”

குரல் இறங்கவில்லை, அவருக்கு இறக்கத் தெரியாது.

“கொடம் மட்டும் கரையில இருந்திச்சி. ரொப்பி, நிமித்தி வெச்ச மாதிரி. அன்னிலேருந்துதான் இவ சும்மா இருக்க மாட்றா. நானும் அதட்டறதில்ல.”

மாமியார் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். அக்காவை உள்ளே வரச் சொல்லவும் இல்லை, பிறகு அவளை ஏசவும் இல்லை. நாத்தனாருக்கு அடுத்த தையில் வில்லியனூரில் இடம் அமைந்தது. அந்தக் கல்யாணத்துக்கு மாமியாரே அண்ணனைச் சமையலுக்குக் கூப்பிட்டார். அக்கா வரவில்லை. “நான் வந்தா எல்லாருக்கும் பயமா இருக்கும்டி,” என்றாள்.

கல்யாணம் முடிந்த சில மாதங்களில் ஒரு நாள் பின்பக்கம் போனபோது அக்கா முறத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் அண்ணன் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“நாலு நாளாப் பாடல,” என்றாள் என்னிடம் மெதுவாக.

“ஒடம்பு சரியில்லியா?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. புதுச்சேரிலேருந்து ஒரு ஆளு வந்துட்டுப் போனான். அப்பலேருந்து இப்படித்தான். நான் கேக்கல. கேட்டா சொல்லிடுவாரு.”

எனக்குப் பயமாகிவிட்டது. அவள் காக்கைக்கும் தவளைக்கும் காது கொடுத்ததையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடிந்தது. இது அப்படி இல்லை. சொந்த வீட்டுக்குள் அடங்கிய சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து ஓட இடமும் இல்லை, கூப்பிட்டு உள்ளே இழுக்க ஆளும் இல்லை.

அன்றைக்கே அது வெளியே வந்துவிட்டது. அண்ணன் மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். “முசியே சொல்லி அனுப்பிருக்காரு. கேம்ப்ப மறுபடி தொறக்கறாராம். வரச் சொல்றாரு.”

அக்கா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இங்க நான் யாருடி? கல்யாணம் கருமாதிக்கு அண்டா கழுவறவன். அங்க எங் கையால ஒரு சூப்பு குடிக்கணும்னு வெள்ளக்காரன் மறுபடி மறுபடி வந்தான். நீ வர வேணாம். நீ இங்கியே இரு. நான் போய்ட்டு வரேன்.”

அவர் சொன்னதில் ஆசைதான் இருந்தது, கோபம் இல்லை. அதனால்தான் அக்கா தடுக்கவில்லை என்று நினைக்கிறேன். அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய், “எப்ப கப்பலு?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த மாதம் முழுக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. நடந்துகொண்டே இருப்பாள். கோழிகளை ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“அவருதான் வர வேணாம்னுட்டாரே. நீங்க ஏன்க்கா போறீங்க? அங்க போனா நீங்க செத்துடுவீங்க.”

“எனக்கும் போவக் கூடாதுன்னுதான் இருக்குது.”

“அப்புறம்?”

“அந்தாளுக்குக் காது இல்லடி,” என்றாள். “அந்தக் காட்டுல காது இல்லாம எப்படி வுடறது?”

அவர்கள் கிளம்பிய அன்று பஸ்ஸுக்கு நானும் போனேன். என் மாமியார் யாரும் எதிர்பார்க்காமல் பின்னாலேயே வந்தார். ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயையும் புளி உருண்டையையும் அக்கா மடியில் வைத்து, “காட்டுல இதெல்லாம் கெடைக்காது,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அழவில்லை. பஸ் கிளம்பும்போதும் அவள் எங்களைப் பார்க்கவில்லை. அண்ணன் ஏறிவிட்டாரா, உட்கார்ந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. ராத்திரியில் அவன் அழுகையை நிறுத்தினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அழும்போது தூங்கினாலும் தூங்குவேன். என் வீட்டுக்காரர், “ஒனக்கு கேம்ப்புக்காரி காத்து அடிச்சிருக்குது,” என்று கேலி பண்ணுவார். அவர் கேலி பண்ணும்போதெல்லாம் அக்கா இருக்கிறாளோ இல்லையோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

சில வருஷம் கழித்து, நாத்தனாருக்குப் பிரசவம் என்று வில்லியனூர் போயிருந்தேன். அங்கே அவள்தான் சொன்னாள்: அந்தத் தேசம் சுதந்திரம் வாங்கிவிட்டதாம், முசியே கேம்ப்பை மூடிவிட்டுப் போய்விட்டாராம், அக்காவும் அண்ணனும் திரும்பி வந்து அந்த ஊரிலேயே நெல்லு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்களாம். மத்தியானமே போனேன்.

யாரும் குடிவர விரும்பாத இடம் அது. மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆயில் இன்ஜின் ஓடுகிற ஓட்டத்தில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் உமித் தூசி. முன்பக்கம் கீற்றுக் கொட்டகையில் அண்ணன் மில் ஆட்களுக்குச் சோறு போடும் கடை வைத்திருந்தார். முடியெல்லாம் நரைத்திருந்தது. நல்ல காதும் இப்போது போய்விட்டிருந்தது. என் உதட்டைப் பார்த்து நான் சொல்வதைப் புரிந்துகொண்டார்.

“அங்க எப்படிண்ணா இருந்தீங்க?”

“ஒண்ணும் ஆவலம்மா. ஒரு நாளுகூட ஒண்ணும் ஆவல. யாருக்கும் ஒரு கீறல் இல்ல.” கரண்டியைக் கீழே வைத்தார். “நான் நல்லாத் தூங்குனேன். அவதான் தூங்கல. அங்க இருந்த அத்தன காலமும் நான் கண்ண மூடுனா அவ முழிச்சிக்கினு ஒக்காந்திருப்பா. இங்க வந்ததும் வூடு பாத்தோம். எவ்வளோ நல்ல வூடெல்லாம் காட்டுனாங்க. இதான் வேணும்னு வந்துட்டா. உள்ளதான் இருக்கா, போ.”

உள்ளே அக்கா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாகூரில் அத்தனை மத்தியானங்களில் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. முகம் சுருங்கிப்போயிருந்தது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தலைக்கு மேல் விழுந்து கிடந்தது. குழந்தை தூங்குகிற மாதிரி இருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ. திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அதிர்ந்துகொண்டிருந்த பாத்திரங்கள் நின்றன. அத்தனை இரைச்சலுக்குப் பிறகு காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிட்டது. வெளியே அண்ணன், அவருக்கு எதுவும் தெரியாமல், சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா துள்ளி எழுவாள் என்று பார்த்தேன். அவள் அசையவில்லை. இன்னும் பார்த்தேன். கண்ணிமைகூட ஆடவில்லை. கடவுளே, என்னவோ ஆகிவிட்டது என்று குனிந்து, அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன்.

“பெல்ட்டு மாத்துவானுங்க,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “இப்ப ஓட்டிடுவானுங்க. எப்படி வந்த?”

“பஸ்ல வந்தேங்க்கா,” என்றேன்.

“கொஞ்சம் இரு. கண்ண முழிக்க முடியல,” என்றாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பழைய பலம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் தளர்ந்தன, மூச்சு சீராகிவிட்டது.

மில் ஓட வெகுநேரம் ஆயிற்று. அதுவரை காது கொடுத்தபடி நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.